கோடியக்கரை: மணலால் ஆன ஒரு நிலமுனை

நிலமுனை என்றவுடன் மாணவர் பெரும்பாலும் கன்னியாகுமரியையே நினைப்பர். அங்கே கடலின் அலைகள் பாறையின்மீது மோதுகின்றன. மலைத்தொடர் ஒன்றின் இறுதிப் பகுதி கடலுள் நீண்டு நிற்கின்றது. பாறை தேய்வதற்கு நெடுங்காலம் செல்லுமாதலால், அம்முனை என்றும் நிலைத்திருப்பதாகவே நமக்குத் தோன்றுகின்றது. ஆனால் எல்லா நிலமுனைகளும் இவ்வாறு அமைந்தவை அல்ல. தமிழ்நாட்டின் கீழைக் கடற்கரையில், நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரணியம் வட்டத்தில் அமைந்துள்ள கோடியக்கரை முனையில் பாறை என்பதே இல்லை. அஃது ஆறும் அலையும் காற்றும் சேர்ந்து திரட்டிவைத்த மணலும் வண்டலுமே ஆகும். கட்டப்பெற்ற நிலம் கரையவும் கூடும் என்னும் உண்மையை விளக்குதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு நம் நாட்டில் அரிது. ஆதலின் இச்சிறு முனையின் நிலவியலையும் உயிர்வாழ்க்கையையும் வரலாற்றையும் இக்கட்டுரையில் ஒருசேரக் காண்போம்.

இருப்பிடமும் பெயரும்

தேசப்படத்தை விரித்து, சென்னையிலிருந்து தெற்கு நோக்கிக் கடற்கரையைத் தொடர்ந்து வருக. கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம் ஆகியவற்றைக் கடந்து, கரை ஏறக்குறைய நேர்கோடாகவே வருகின்றது. வேதாரணியத்திற்குத் தெற்கே, நில நேர்க்கோடு 10 பாகை 17 கலை வடக்கு அளவில், அக்கோடு திடீரெனச் செங்கோணமாக மேற்கே திரும்புகின்றது. அத்திருப்பமே கோடியக்கரை. கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே பாக்கு நீரிணை. நீரிணைக்கு அப்பால் ஐம்பது அறுபது கிலோமீட்டர் தொலைவில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரை உள்ளது. 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக்கு என்பவரின் பெயரையே அந்நீரிணை பெற்றுள்ளது.

'கோடி' என்பது இறுதி, முனை என்று பொருள்படும். நிலத்தின் கோடியாகிய கரை கோடியக்கரை. அதனை அடுத்த காடு கோடியக்காடு. மேனாட்டு மாலுமிகள் வழங்கிய 'கலிமர்' என்னும் பெயர், கள்ளிச்செடி நிறைந்த மேடு எனப் பொருள்படும் 'கள்ளிமேடு' என்பதன் திரிபு என்பர். கிரேக்கப் புவியியலறிஞர் தாலமி குறிப்பிடும் 'கல்லிகிகோன்' என்னும் முனை இதுவே என்று கருதும் ஆய்வாளரும் உளர். ஊரார் இட்ட பெயர் முனையின் வடிவைச் சுட்ட, கடலோடிகள் இட்ட பெயர் மரக்கலத்திலிருந்து காணத்தக்க அடையாளத்தைச் சுட்டுதல் கருதத்தக்கது.

நிலம் உருவான வகை

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் பெரும்பகுதி பனிக்கட்டியாக உறைந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றுள்ளதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் ஆழம் பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டரே ஆதலின், அக்காலத்தில் அஃது உலர்ந்த நிலமாகவே இருந்திருத்தல் வேண்டும். பின்னர்ப் பனி உருகிக் கடல் படிப்படியாக உயர்ந்து, 6000, 7000 ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இன்றைய நிலையை அடைந்தது. கோடியக்கரையின் கதை அதன் பின்னரே தொடங்குகின்றது.

வேதாரணியப் பகுதியை வானூர்திப் படத்திலோ செயற்கைக்கோள் படத்திலோ காண்போர்க்கு, கரைக்கு இணையாக வரிசை வரிசையாக அமைந்த மணல்மேடுகள் தெளிவாகத் தோன்றும். இவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்த இடம். மரத்தின் வளையங்கள் அதன் வயதைக் காட்டுவது போல இம்மேடுகள் நிலத்தின் வளர்ச்சியைக் காட்டுகின்றன. இவற்றிலுள்ள கிளிஞ்சல் முதலியவற்றைக் கதிரியக்கக் கரிமுறையால் ஆராய்ந்ததில், உள்நாட்டு மேடுகள் ஏறக்குறைய 6000 ஆண்டுப் பழமை உடையன என்றும், முனைக்கு அண்மையில் உள்ளவை ஏறத்தாழ 1000 ஆண்டளவினவே என்றும் அறியப்பட்டது. அஃதாவது, நம் இலக்கியங்கள் தோன்றி வளர்ந்த காலத்திலேயே இந்நிலமும் வளர்ந்துகொண்டிருந்தது.

மணல் எவ்வாறு இங்கு வந்து தங்கிற்று? கரையோரமாகச் செல்லும் நீரோட்டமே அதற்குக் காரணம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கீழைக் கடற்கரையில் மணல் வடக்கு நோக்கி நகர்கின்றது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கி நகர்கின்றது. தெற்கு நோக்கி வரும் நீரோட்டம், கரை திடீரென மேற்கே திரும்பும் இடத்தை அடைந்ததும் வேகம் குன்றுகின்றது. வேகம் குன்றிய நீர், தான் சுமந்து வந்த மணலைக் கீழே விடுகின்றது. பாக்கு நீரிணையோ ஆழம் குறைந்தது. தெற்கிலிருந்து வரும் பேரலைகளை இலங்கைத் தீவு தடுத்துவிடுகின்றது. ஆதலின் ஒருமுறை தங்கிய மணல் முழுவதும் மீண்டும் எடுத்துச் செல்லப்படுவதில்லை. எஞ்சியது ஆண்டுதோறும் சேர, கடலே நிலமாயிற்று.

காவிரியின் பங்கு

கரையோர நீரோட்டம் மணலை இடம் மாற்றுமேயன்றித் தானாக உண்டாக்காது. அம்மணலுக்கும் வண்டலுக்கும் முதன்மையான தாய் காவிரியே. குடகில் தோன்றி, மைசூர்ப் பீடபூமியைக் கடந்து, திருமுக்கூடலில் கபினியைத் துணைகொண்டு, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிவரும் அவ்வாறு தன் வழியிலுள்ள பாறைத் துகளைச் சுமந்து வந்து கழிமுகத்தில் பரப்பிற்று. அக்கழிமுகத்தின் தென்கிழக்கு மூலையே கோடியக்கரை. காவிரியின் கிளைகளாகிய கோரையாறு, பாமணியாறு முதலியன இன்றும் முத்துப்பேட்டைப் பக்கத்தில் பாக்கு நீரிணையை அடைகின்றன.

ஆகவே மைசூரில் வாழ்வோர்க்குக் கோடியக்கரை தொலைவிலுள்ள ஓர் அயலிடம் அன்று. மைசூரின் வயல்களிலிருந்தும் குன்றுகளிலிருந்தும் கரைந்து சென்ற மண்ணே அங்கே நிலமாக நிற்கின்றது. மைசூருக்கு அருகே கிருஷ்ணராஜ சாகர அணை 1911-இல் கட்டத் தொடங்கப்பெற்றது. மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பெற்றது. அணை நீரை மட்டும் தேக்குவதன்று. நீர் சுமந்து வரும் மணலையும் தேக்குகின்றது. பாசனத்தாலும் மின்னாற்றலாலும் நாடு பெற்ற நன்மை பெரிது என்பதில் ஐயமில்லை. எனினும், கழிமுகத்திற்குச் செல்லும் வண்டல் குறைந்தது என்பதும் உண்மையே. வரவு குறைந்த பின்னும் அலையும் புயலும் தம் செலவைக் குறைத்துக்கொள்வதில்லை. இவ்வரவு செலவுக் கணக்கே கோடியக்கரையின் எதிர்காலத்தை உறுதிசெய்யும்.

உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீர்

மூன்று பக்கமும் உப்புநீர் சூழ்ந்த மணல்நிலத்தில் கிணறு தோண்டினால் குடிநீர் கிடைப்பது வியப்பன்றோ? இதற்கு விடை எளிது. இப்பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களையொட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்கின்றது. அந்நீர் மணலினூடே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்நீர் நன்னீரைவிட அடர்த்தி மிக்கது. ஆயிரம் பங்கு எடையுள்ள நன்னீருக்கு ஈடான கடல்நீர் ஏறத்தாழ 1025 பங்கு எடையுடையது. இவ்வேறுபாட்டினால், கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும். டச்சு நாட்டவராகிய கீபென் என்பாரும் செருமானியராகிய ஹெர்ட்ஸ்பெர்க் என்பாரும் தனித்தனியே கண்டறிந்த விதி இது.

இவ்விதியின் மறுபக்கத்தையும் உணர்தல் வேண்டும். மிகுதியாக நீர் இறைப்பதால் நன்னீர் மட்டம் 10 செண்டிமீட்டர் தாழ்ந்து, அந்நிலையே நீடிக்குமாயின், அடியிலுள்ள உப்புநீர் எல்லை காலப்போக்கில் 4 மீட்டர் மேலே ஏறிவிடும். மேலே காணும் சிறு குறைவு கீழே பெருங்கேடாகின்றது. கடற்கரைச் சிற்றூர்களில் 'நேற்றுவரை இனித்த கிணறு இன்று கரிக்கின்றது' என்று மக்கள் கூறுவதன் காரணம் இதுவே. குளங்களைத் தூர்வாரி மழைநீரைத் தேக்குதல் இங்கே வெறும் சிக்கனம் அன்று. நிலத்தடியில் கடலைத் தடுத்து நிறுத்தும் அரண் ஆகும்.

காடும் விலங்கும்

நிலம் பெரும்பாலும் சமதளமாகவே உள்ளது. இராமர் பாதம் என வழங்கும் மணல்மேடே இவ்வட்டாரத்தில் உயர்ந்த இடம். அதன் உயரமும் சில மீட்டர்களே. ஆயினும் அரை மீட்டர் ஏற்றத் தாழ்விலேயே தாவரம் மாறிவிடுகின்றது. கடலோர மணலில் அடும்பும் இராவணன் மீசையும் படர்ந்து மணலைப் பிணிக்கின்றன. மேட்டு நிலத்தில் பாலை, காசா, நாவல், காரை, உகா முதலியவை செறிந்த உலர் பசுமைமாறாக் காடு உள்ளது. மழை குறைந்த மாதங்களிலும் இலை உதிர்க்காத இவ்வகைக் காடு சோழமண்டலக் கரையில் இன்று துண்டு துண்டாகவே எஞ்சியுள்ளது. தாழ்ந்த நிலத்தில் புல்வெளியும் உவர்ச் சதுப்பும் பரந்து கிடக்கின்றன. மேற்கே முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு வளர்ந்துள்ளது.

இப்புல்வெளியே வெளிமானின் இருப்பிடம். ஆண்மான் கருநிறமும் முறுக்கிய கொம்பும் உடையது; பெண்மான் மங்கிய செந்நிறமுடையது. காட்டுக்குள் ஒளிவது இதன் இயல்பன்று. திறந்த வெளியில் தொலைவிலேயே பகையைக் கண்டு, விரைந்தோடித் தப்புவதே இதன் வழி. ஆதலின் வெளி மறையின் மானும் மறையும். இயற்கை அறிஞர் மா. கிருஷ்ணன் 1960-களின் தொடக்கத்தில் இவ்விடத்தின் சிறப்பை எடுத்துரைத்தார். 1967 ஜூன் 13-இல் 17.26 சதுர கிலோமீட்டர் பரப்பு வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது.

அறிவிப்பு வேட்டையைத் தடுத்தது. ஆனால் புல்வெளியைத் தானாகக் காத்துவிடவில்லை. விறகுக்கெனப் பரப்பப்பெற்ற சீமைக்கருவேல் இங்கும் புகுந்தது. அதன் இனிய நெற்றுகளைக் கால்நடையும் காட்டு விலங்கும் தின்கின்றன. செரியாத விதைகள் சாணத்தோடு புல்வெளியில் விழுந்து முளைக்கின்றன. புல்வெளி புதராகின்றது. இங்குத் திரியும் மட்டக்குதிரைகளும் ஊர்க் கால்நடைகளும் எஞ்சிய புல்லுக்கு மானோடு போட்டியிடுகின்றன. எனவே சீமைக்கருவேலை வேரோடு அகற்றுதல் வனத்துறையின் நீங்காத பணியாயிற்று. மரம் வளர்த்தலே எவ்விடத்தும் நன்மை என்று கற்பிக்கும் ஆசிரியர், மரம் அகற்றுதலே நன்மையாகும் இடமும் உண்டு என்பதைக் கோடியக்கரையைக் காட்டி விளக்கலாம்.

பறவைகள்

மார்கழி, தை மாதங்களில் இங்குள்ள சதுப்புகளில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நிற்கும். உள்ளான், உப்புக்கொத்தி, ஆலா முதலிய பறவைகள் ஆர்க்டிக் பகுதியை அடுத்த சைபீரியா முதலிய தொலைநாடுகளிலிருந்து வந்து, சேற்றிலுள்ள புழுக்களையும் நத்தைகளையும் உண்டு குளிர்காலத்தைக் கழிக்கின்றன. இதுவரை 250-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்குப் பதிவாகியுள்ளன. உலகில் மிகவும் அருகிவிட்ட கரண்டிமூக்கு உள்ளானும் அவற்றுள் ஒன்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், அறிஞர் சாலிம் அலியின் வழிகாட்டலில், பறவைகளைப் பிடித்துக் காலில் எண் பொறித்த வளையமிட்டு விடுவித்து, அவை செல்லும் வழியை ஆராய்ந்தனர். மைசூருக்கு அருகேயுள்ள ரங்கனதிட்டு 1940-இல் பறவைப் புகலிடமாவதற்குத் தூண்டுகோலாக இருந்தவரும் அவரே.

2002-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கோடியக்கரையும் அதனைச் சார்ந்த சதுப்பு நிலங்களும், 38,500 ஹெக்டேர் அளவில், ராம்சார் உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாகப் பட்டியலிடப்பெற்றன. தமிழ்நாட்டில் இச்சிறப்பை முதலில் பெற்றது இதுவே. ஆயினும் பறவைகளுக்கு வேண்டியது பட்டியல் அன்று. தக்க ஆழமும் தக்க உவர்ப்பும் உடைய நீர். நீர் மிக ஆழமானால் குறுங்கால் பறவை நிற்க இயலாது. உவர்ப்பு மிகுந்தால் சேற்றுயிர்கள் குன்றும். மழை, ஆற்றுநீர், கடல்நீர், உப்பளம் ஆகிய நான்கும் சேர்ந்தே இச்சமநிலையை ஆக்கவோ அழிக்கவோ செய்கின்றன.

வரலாறு

வேதாரணியத்தின் பழைய தமிழ்ப் பெயர் திருமறைக்காடு. அடைபட்டிருந்த கோயிற்கதவை அப்பரும் சம்பந்தரும் பாடித் திறக்கவும் அடைக்கவும் செய்தனர் என்பது மரபு. சுந்தரர் கோடிக்கரைக்கே வந்து குழகர் கோயிலைப் பாடினார். கடற்காற்று வீசும் கரையில் இறைவன் துணையின்றித் தனித்திருக்கின்றானே என்று அவர் இரங்கும் அப்பதிகம், அக்கால நிலக்காட்சியையும் நமக்குத் தெரிவிக்கின்றது. அவர் காலத்திலேயே இங்குக் கோயில் இருந்தமையால், அது நிற்கும் மேடு அதற்கும் முன்னரே உறுதியடைந்திருத்தல் வேண்டும். பதிகமும் மணல்மேடும் ஒன்றுக்கொன்று சான்றாவதை இங்கே காண்கின்றோம்.

வேதாரணியம் கோயிலில் முதற் பராந்தகன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுகள் உள்ளன. இத்தகைய தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைக் காத்துவந்த மத்திய அரசின் கல்வெட்டியல் அலுவலகம் 1966-இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு மாற்றப்பெற்றது. அதனால் தமிழ்நாட்டுக் கோயிற்சுவர்களின் படிகள் பல்லாண்டுகள் மைசூரிலேயே ஆராயப்பெற்றன. ஆழமற்ற, மணல்திட்டுகள் நிறைந்த கடலில் மரக்கலம் செலுத்துவோர்க்கு இம்முனையில் ஒளியடையாளம் இன்றியமையாததாயிற்று. சோழர் காலத்தது எனப் போற்றப்பெற்ற செங்கற் கலங்கரை விளக்கம் ஒன்று இங்குச் சிதைந்த நிலையில் நின்றது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாயிலாகக் கோடிக்கரையையும் அவ்விளக்கையும் அறியாத தமிழர் சிலரே.

கடல்நீரைப் பாத்தியில் தேக்கிக் கதிரவன் வெப்பத்தால் உப்பெடுத்தல் இங்குத் தொன்மையான தொழில். உப்பு உற்பத்தியில் தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்த இடம் வேதாரணியத்திற்கே உரியது. வரையறுத்த மழைக்காலம், நீண்ட வெயில்காலம், சமமான களிநிலம், ஓயாத காற்று ஆகியவை ஓரிடத்தில் கூடியமையே அதன் காரணம். 1930-இல் காந்தியடிகள் தண்டியில் உப்புச் சட்டத்தை மீறியதைத் தொடர்ந்து, இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் ஏப்ரல் 13-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நடந்து வேதாரணியம் வந்தனர். ஏப்ரல் 30-இல் அகஸ்தியம்பள்ளி உப்புவெளியில் இராஜாஜி உப்பெடுத்துச் சிறைப்பட்டார். வேதாரணியத்தில் தொண்டர்க்குத் துணைநின்றவருள் முதன்மையானவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. நிலத்தின் இயல்பு உப்பைத் தந்தது. உப்பு இம்முனைக்கு நாட்டு வரலாற்றில் இடம் தந்தது.

புயலும் ஆழிப்பேரலையும்

வங்காள விரிகுடாவில் தோன்றி மேற்கே நகரும் புயல்கள் பலவற்றுக்கு இம்முனை நேர்வழியில் உள்ளது. 1952, 1955, 1977 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் நாகப்பட்டினக் கரையைக் கடுமையாகத் தாக்கின. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது பழைய கலங்கரை விளக்கத்தின் எஞ்சிய பகுதி வீழ்ந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்துடன் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிற்று. காட்டின் பெருமரங்கள் சாய்ந்தன; வெளிமான்களும் பிற விலங்குகளும் பல மடிந்தன; மாங்கொல்லைகளும் தென்னந்தோப்புகளும் அழிந்தன; உப்பளங்களில் சேறு படிந்தது.

புயல் ஓரிரவில் செய்யும் கேட்டைக் காடு பல ஆண்டுகளில்தான் சீர்செய்யும். வெற்றிடம் கண்டவுடன் முதலில் எழுவது சீமைக்கருவேல். மெல்ல வளர்வது பாலை. ஆகவே புயலுக்குப் பின்வரும் முதற்சில ஆண்டுகளில் மேற்கொள்ளும் பணியே, அடுத்த தலைமுறை காணப்போவது பழைய காடா, முட்புதரா என்பதை முடிவுசெய்யும்.

களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும்

1. கரையில் அசையாத ஓர் அடையாளத்தைத் தேர்ந்து, அதிலிருந்து உயர்நீர்க் கோடு வரையுள்ள தொலைவை மாதம் ஒருமுறை அளந்து எழுதிவருக. ஓராண்டு அளவு பருவமாற்றத்தை மட்டுமே காட்டும். பல்லாண்டு அளவே நிலம் வளர்கின்றதா தேய்கின்றதா என்பதைக் காட்டும்.

2. ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தைச் சித்திரையிலும் மார்கழியிலும் அளந்து, நீரின் சுவையையும் குறித்துவைக்க. நாற்பது மடங்கு விதியைப் பயன்படுத்தி, உப்புநீர் எல்லை எவ்வளவு நகரக்கூடும் என்று மாணவரைக் கணக்கிடச் செய்க.

3. வளையமிட்ட பறவை காணப்படின், வளையத்தின் எண், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து, அதிற் பொறித்த முகவரிக்கு எழுதுக. உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்றலாகாது.

4. ஒரு தட்டில் மணலைக் குவித்து, நீரூற்றி, ஒரு பலகையால் சாய்வாக அலை எழுப்புக. மணல் எத்திசையில் நகர்கின்றது, எவ்விடத்தில் தங்குகின்றது என்று மாணவர் காணட்டும். பின்னர் மணல் வரும் பக்கத்தில் ஒரு கல்லைக் குறுக்கே வைத்து, அதே அலையை மீண்டும் எழுப்புக. கல்லுக்கு அப்பால் உள்ள மணல்முனை என்னவாகின்றது என்பதை அவர்களே கண்டு எழுதட்டும்.